தேய்ந்த தோலின் நியாயம்

வாத்தியத்தின்பால் மரியாதை உடையவன் அதன்மீது ஒரு கீறலும் விழ விடமாட்டான் என்பதும், தேய்ந்தும் கருகியும் ஒட்டுப்போட்டும் காணப்படும் வாத்தியம் அதை வாசிப்பவனுடைய அசிரத்தைக்குச் சாட்சி என்பதும், நம் மலையகத்தில் கலைவிழாக்களை நடத்துவோரும், அவற்றில் நடுவர்களாக அமர்வோரும், பண்பாட்டைக் காக்க வேண்டும் என்று உண்மையான ஆர்வத்தோடு பேசுவோரும் ஏறக்குறைய ஒருமனதாகக் கொண்டிருக்கும் அபிப்பிராயம். வீணைக்குப் பட்டுத்துணி போர்த்தி வைக்கும் வித்வான்களை உதாரணம் காட்டி, தப்பை நெருப்பில் காட்டிக் கருக்குகிறவர்களையும், அதன் சட்டத்தில் தகரம் வைத்து ஆணியடிக்கிறவர்களையும், ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் இடையே தோலைக் கிழித்துவிடுகிறவர்களையும் அவர்கள் கண்டிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தில் பிறந்த அபிப்பிராயம்தான். ஆயினும் அது பிழையானது என்றும், தப்பைப் பொறுத்தமட்டில் பிழை மட்டுமன்றி அநீதியும் ஆகும் என்றும் நான் கருதுகிறேன். அப்படிக் கருதுவதற்கான காரணங்களை இங்கே ஒவ்வொன்றாக முன்வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மலைநகர் ஒன்றில் நடந்த ஒரு கலைவிழாவுக்கு அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முதியவர் ஒருவர் தப்போடு வந்திருந்தார். தோலின் நடுவே குச்சி விழுந்து விழுந்து வெளுத்த ஒரு வட்டம். ஓரமெல்லாம் புகையேறிய கருமை. சட்டத்தின் ஒரு மூட்டில் பால்மா டின்னை வெட்டிப் பதித்த தகரம். ஏற்பாட்டாளர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "பெரியவரே, இதைத் தூக்கிக்கிட்டு மேடையேறினா நமக்குத்தான் மரியாதைக் குறைவு, புதுசு ஒண்ணு வச்சிருக்கோம், அதை எடுத்துக்குங்க" என்றார். பெரியவர் மறுபேச்சில்லாமல் புதியதை வாங்கினார். பெருவிரலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கொஞ்சம் காகிதம் கொளுத்த இடம் உண்டா என்று கேட்டார். புதுத்தோல் கறுத்துவிடும் என்று சொல்லி அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. குளிர்ந்து தொய்ந்த அந்தத் தோலில் அவர் எவ்வளவு முயன்றும் நாதம் எழவில்லை. கீழே அமர்ந்திருந்தவர்கள், பாவம், வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வாத்தியத்தின் முகத்தைக் காப்பதற்காக அதன் குரலையும், அதை வாசித்தவரின் கீர்த்தியையும் ஒருசேரப் பலியிட்ட அந்த மாலைப்பொழுதில் நான் சொல்லத் தவறியவற்றை இப்போது எழுதுகிறேன்.

தப்பு என்பது என்ன? மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, மூட்டுகளில் இரும்புத்தகடு வைத்து இணைத்த ஒரு வட்டச் சட்டம். அதன் ஒரு முகத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல். ஒரு கையில் தடித்த குறுங்குச்சி, மறு கையில் மெலிந்த நெடுங்குச்சி. இவ்வளவே. வீணையைப் போல முறுக்காணியோ, மிருதங்கத்தைப் போல வார்ப்பின்னலோ இதற்கு இல்லை. சுருதியை ஏற்ற இதற்குள்ள ஒரே உபாயம் அக்கினி. வைக்கோலோ காகிதமோ சருகோ கொளுத்தி, தோலை அதன்மேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்து, கணீரென்ற ஓசை வரும் கணத்தில் நெருப்பிலிருந்து விலக்கும் அந்தக் காரியத்தை நம் ஜனங்கள் 'தப்புக் காய்ச்சுதல்' என்பார்கள். தம்புராவுக்குச் சுருதி கூட்டுவது எவ்விதமோ அவ்விதமே இதற்குக் காய்ச்சுவது. அந்தக் கருமையை அசிரத்தை என்று சொல்வது, தம்புராவின் முறுக்காணி தேய்ந்திருப்பதைக் கண்டு அதை மீட்டுகிறவருக்கு வாத்தியத்தின்மேல் அன்பில்லை என்று சொல்வதற்குச் சமானம்.

இந்தக் காரியம் சமவெளியில் ஒரு மடங்கு அவசியமென்றால் நம் மலையில் பல மடங்கு அவசியம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. அட்டன் 4,000 அடியைத் தாண்டி இருக்கிறது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கங்களில் நாட்கணக்கில் மழையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மழை ஓய்ந்த நேரத்தை மூடுபனி எடுத்துக்கொள்கிறது. லயத்துக் காம்பராவின் சுவரே ஈரம் கசியும்போது, சுவரில் ஆணியடித்து மாட்டிய தோல் மாத்திரம் உலர்ந்திருக்குமா? தோல் என்பது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் வஸ்து. குடித்தால் நெகிழும், நெகிழ்ந்தால் ஓசை தாழும். அனல் அந்த ஈரத்தை வெளியேற்றி இழுவிசையை மீட்டுத் தருகிறது. ஒவ்வொரு தடவையும் தோலின் நார்களில் மிஞ்சியிருக்கும் பசையைச் சிறிது உறிஞ்சிக்கொண்டும் போகிறது. ஆகவே இங்கே நன்றாக ஒலிக்கும் தப்பு சீக்கிரம் தேயும். தேயாத தப்பு நன்றாக ஒலிப்பதில்லை. ஓசைக்கு மலை கேட்கும் விலை அது. அந்த விலையைத் தன் கையிலிருந்து கொடுப்பவனைப் பார்த்து, நீ வாத்தியத்தைப் பாழாக்கினாய் என்று எப்படிச் சொல்ல இயலும்?

இந்தத் தோல்கள் யாருக்காகத் தேய்ந்தன என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் தலைமன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தடத்தை, வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் நம்மவர்கள் மறுபடி நடந்து காட்டினார்கள். கோப்பி நோயில் அழிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை இந்த மலைகளை மூடியபோது, அந்த முன்னோருடைய நாளைத் தொடங்கிவைத்தது கடிகாரமன்று, தப்பு. பொழுது புலருமுன் லயங்களுக்குக் கேட்கும்படி பெரட்டுத் தப்பு ஒலிக்கும். அந்த ஓசைக்கு எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்களைக் கணக்கெடுத்துக் கங்காணி மலைக்கு அனுப்புவான். தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாகப் பாடியவரும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும், மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தவருமான சி. வி. வேலுப்பிள்ளை, அந்த விடியற்காலத் தப்போசையைத் தம் எழுத்தில் அழியாமல் வைத்துவிட்டுப் போனார். அவர் கேட்ட அந்த ஓசைக்குள் ஒரு தோலின் தேய்வும் இருந்தது. வேலைக்கு வந்தவனுக்குச் செக்ரோலில் பேர் விழுந்தது. அவனை எழுப்பிய தோலின் தேய்வுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்ததில்லை.

அதே தப்புத்தான் மாரியம்மன் தேருக்கு முன்னால் போயிற்று. குழந்தை பிறந்த வீட்டுக்கும், இறந்தவரைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் இறங்கிய பாடைக்கும் துணை நின்றது. மாசி மாதத்தில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து, மன்மதன் எரிந்து ரதி புலம்பும் இரவு வரைக்கும் காமன் கூத்தைத் தாங்கி நடத்தியது அதுவே. அந்த இரவுகளில் காய்ச்சுவதற்கு மூட்டிய தீ அணைவதே இல்லை. விடிந்து பார்த்தால் தோலின் நடுவட்டம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும். ஓரம் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும். ஒரு சமூகத்தின் உழைப்பும் பக்தியும் துக்கமும் விளையாட்டும் ஒரே தோலில் விழுந்த தழும்புகளாக இருக்கையில், அவற்றை அழுக்கு என்று மறைப்பவர்கள் பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லிக்கொள்வது எனக்கு விளங்கவில்லை.

சாஸ்திரீய வாத்தியங்களைக் காட்டித் தப்பைக் கண்டிப்பவர்கள் அவற்றையாவது சரியாகப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்கிறேன். நம் வாத்தியங்களைச் செய்த ஆசாரிகளும் தோல்தொழிலாளரும், நிலைப்பது ஒன்று, தேய்வது ஒன்று என இரண்டு பாகமாகவே அவற்றை வகுத்து வைத்தார்கள். நாகஸ்வரத்தின் உடல் ஆச்சா மரம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் நரசிங்கம்பேட்டையில் தேடி வாங்கி அதைக் கடைகிறார்கள். பல்லாண்டு வெயிலும் பாரமும் கண்ட மரமே நாதத்துக்கு உகந்தது என்பது அவர்களுடைய அனுபவம். அதற்கு ஜீவன் கொடுக்கும் சீவாளியோ, வாயின் ஈரத்தில் நைந்துபோகும் தட்டை. அதனால்தான் வித்வான் ஒரு கொத்துச் சீவாளியை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வீணையின் 24 மெட்டுக்களைத் தாங்கும் மெழுகு காலத்தால் இளகித் தளரும். மெழுகைப் புதுப்பித்து மறுபடி மேளம் கட்டுவார்கள். மிருதங்கத்தின் பலாக்கட்டை தலைமுறை தாண்டும். அதன் தோல்மூட்டும், வலந்தலையில் சோறும் கல்பொடியும் பிசைந்து அப்பிய கரணையும் விரலடியில் உதிர்ந்து உதிர்ந்து மாற்றப்படும். தேய்வில்லாத வாத்தியத்தைச் செய்ய அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தேயும் இடத்திலேதான் நாதம் பிறக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்கும், அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்துக்கும் இடையே நிகழ்ந்த ஆராய்ச்சிகளை இன்று பலரும் அறிவர். மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் எழுதி வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் அந்தக் கைகளின் வரலாற்றைச் சபைகளுக்குக் கேட்கும்படி சொல்லியது. அங்கே தோல் கிழிந்தால் அது சாதகத்தின் அடையாளம். கரணை உதிர்ந்தால் அது வாசிப்பின் கனம். மிருதங்கத்தின் தோலும் மாட்டின் தோல், ஆட்டின் தோல், எருமையின் தோல்தானே! அங்கே பெருமையாக இருக்கும் தேய்வு இங்கே கேவலமாக மாறுவதற்குச் சங்கீத சாஸ்திரத்தில் காரணம் கிடையாது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது. தப்பைத் தொட்டவர்களை ஒதுக்கி வைத்த பழைய சாதிப் புத்தி, வெளிப்படையாகப் பேச வெட்கப்படும் இக்காலத்தில், சுத்தம் என்றும் நேர்த்தி என்றும் மேடை மரியாதை என்றும் வேறு பெயர்களைச் சூடிக்கொண்டு வருகிறது. ஏற்பாட்டாளர் ஒவ்வொருவருடைய மனத்திலும் இந்த விஷம் இருக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட அளவுகோல் அந்த உலையில் வார்க்கப்பட்டது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

அருமையான பழைய வாத்தியங்களை வாசித்துத் தேய்த்தால் வருங்காலத்துக்கு என்ன மிஞ்சும், கண்ணாடிப் பேழையில் வைப்பதல்லவா விவேகம் என்று மற்றொரு சாரார் வாதிக்கிறார்கள். இவ்வாதத்தை நான் மதிக்கிறேன். இத்தாலியின் ஸ்திராதிவாரி 1716இல் செய்த 'மெசையா' என்னும் வயலின், வாசிக்கப்பட்டதற்கான சுவடே அதிகமின்றி ஆக்ஸ்போர்ட் நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்து வயலின் தச்சர்களுக்கு அது ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது என்பது உண்மை. அதே இத்தாலியில் குவர்னேரி 1743இல் செய்த வயலினை வித்வான் பகனினி தம் வாழ்நாளின் பெரும்பகுதி வாசித்து, ஜெனோவா நகருக்கு விட்டுச்சென்றார். அந்நகரத்தார் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதோடு, தேர்ந்த வித்வான்களின் கையில் கொடுத்து வாசிக்கவும் செய்கிறார்கள். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய கித்தாரில் அவருடைய விரல் உராய்ந்து உராய்ந்து பலகையே ஓட்டையாகிவிட்டது. அதை எறிந்துவிடாமலும், அந்த ஓட்டையை அடைத்து மறைக்காமலும், பழுதுபார்ப்போரிடம் அவ்வப்போது கொடுத்து வாங்கி அதையே வாசித்து வந்திருக்கிறார். சிரத்தையும் தேய்வும் ஒரே வாத்தியத்தில் ஒன்றாக வாழ முடியும் என்பதற்கு இவற்றைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுமா? ஆயிரக்கணக்கான வயலின்கள் தினமும் ஒலிக்கும் உலகத்தில் ஒரு 'மெசையா' மௌனமாக இருப்பதால் நஷ்டமில்லை. இளைஞர்கள் தப்பை விட்டு விலகிவரும் நம் தோட்டங்களிலோ, ஒரு நல்ல தப்பைப் பேழையில் அடைப்பது என்றால் ஒரு குரலை அடைப்பது என்றே பொருள். அதுவும் நம் ஈரக்காற்றில், வாசிக்கப்படாமல் அடைந்து கிடக்கும் தோல் தப்பிவிடுமென்று யார் சொன்னது? அனல் படாத தோலில் பூஞ்சணம் பூக்கும். அடியில் தேய்ந்த தோல் வேலை செய்துவிட்டுத் தேய்கிறது. பூஞ்சணம் தின்ற தோலோ ஒரு பயனும் இன்றி அழிகிறது.

அப்படியானால் தேயாத செயற்கைத் தோலைப் போட்டுவிட்டால் போயிற்று என்பது மூன்றாவது வாதம். மழையிலும் ஊர்வலத்திலும் தீ மூட்ட இடமில்லாத நகரத்து மண்டபத்திலும் அது உதவுகிறது. மாட்டுத்தோல் வாங்க வசதியற்ற இளைஞன் அதைக்கொண்டு அடி பழகினால் அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தேயாதது என்ற ஒரே லட்சணத்தால் அதை மேலானது என்று நிலைநாட்ட முயல்வதை ஏற்க முடியாது. தோலின் ஓசையில் உள்ள கனமும் அதிர்வின் அடக்கமும் அதற்கு வருவதில்லை. அதற்கும் மேலாக, காய்ச்சும் நேரம் என்பது கலைஞர்கள் நெருப்பைச் சுற்றிக் கூடி, ஒருவர் தப்பை மற்றவர் தட்டிப் பார்த்து, சிறுவர்களுக்கு நாதம் எது, நெகிழ்ச்சி எது என்று காதால் பிரித்தறியச் சொல்லிக் கொடுக்கும் பாடசாலை. தேய்வை ஒழித்தால் அந்தப் பாடசாலையும் கூடவே ஒழியும்.

ஏழைக்கு இன்னொரு தோல் வாங்கப் பணம் ஏது, ஆகவே அவனல்லவா அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்போரும் உண்டு. கேட்பதற்குக் கருணைபோல் தோன்றும் இவ்வாக்கு உள்ளபடி கொடுமையானது. தோட்டத்து நாட்கூலியில் ஜீவிப்பவன் திருவிழாவிலும் சாவிலும் பிறருக்காக அடித்துத் தன் தோலைத் தேய்க்கிறான். அடிக்காமல் மறுத்தால் அவனைப் பழிப்பவர்களும், கிழிந்தால் கண்டிப்பவர்களும் ஒருவரே. கவலை உண்மையானால், தோலுக்கு ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வர வேண்டும். செலவை அவன் தலையில் விட்டுவிட்டு, சிக்கனத்தை உபதேசமாகக் கொடுப்பது தர்மமாகாது.

இவ்வளவும் சொல்வதால், வாத்தியத்தை எப்படிப் போட்டாலும் சரி என்று நான் வாதிப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். குடித்துவிட்டு ஆற்றங்கரையில் தப்பை மறந்துவிட்டு வருகிறவனும், மழையில் நனைந்த தோலைத் துடைக்காமல் மூலையில் எறிகிறவனும், ஓசையறியாமல் தோல் பொசுங்கும்வரை தீயில் பிடிக்கிறவனும் கண்டிக்கத் தக்கவர்களே. அவர்களை முதலில் கண்டிப்பவர்கள் மூத்த தப்புக் கலைஞர்கள்தாம். பயன்பாட்டால் வரும் தேய்வு வேறு, அலட்சியத்தால் வரும் சிதைவு வேறு. இந்த வித்தியாசத்தைத் தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து பறிக்காமல் விட்ட தேயிலை செழிப்பதில்லை. அது மரமாக ஓங்கி, கைக்கு எட்டாமல், கொழுந்தும் குறைந்து நிற்கும். பறிக்கப் பறிக்கத்தான் மட்டம் தளிர்க்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கிய பின்புதான் செடி மறுபடி இளமை பெறுகிறது. ஆனால் கவ்வாத்துக்கு ஒரு காலமும் ஒரு கோணமும் பழகிய கையும் உண்டு. கண்டபடி வெட்டினால் செடி பட்டுப்போகும். தப்பைக் காய்ச்சுவதும், தோலை மாற்றுவதும், சட்டத்துக்குத் தகரம் வைப்பதும் அவ்வாறே அளவறிந்து செய்யும் காரியங்கள். அந்த முதியவரின் சட்டத்தில் இருந்த பால்மா டின் தகரம், மரம் பிளந்துவிடாமல், விளிம்பு கையை அறுக்காமல், மடித்துத் தட்டிப் பொருத்தப்பட்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். ஏற்பாட்டாளர் கண்ணுக்கு அது வறுமையாகத் தென்பட்டது. அது சிரத்தை, நாம் போற்ற வேண்டிய சிரத்தை.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். தப்பை மேடையேற்ற விரும்புவோர், மேடைக்குப் பின்னால் தீ மூட்டப் பாதுகாப்பான ஓரிடமும், காய்ச்சுவதற்குக் கால்மணி நேரமும் முதலில் ஒதுக்கட்டும். பழைய தப்பை அருங்காட்சிக்கென்று வாங்குவோர், அதன் கரியைச் சுரண்டிச் சாயம் பூசாமல், அது ஒலித்த அடிகளையும் அதற்குத் தோல் கட்டியவரின் பெயரையும் அதனோடு சேர்த்துப் பதிவு செய்யட்டும். பிள்ளைகளுக்கு அடி சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில், தோல் கட்டவும் காய்ச்சவும் சட்டம் பழுதுபார்க்கவும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் திருவிழா முடிந்து கோயில் கமிட்டி கணக்கு வாசிக்கும்போது, பூவுக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, பூசாரிக்கு இவ்வளவு என்று வரும் வரிசையில், தப்படித்தவர்களுடைய கூலிக்கு அடுத்த வரியாக, அந்தக் கூலியிலிருந்து கழிக்கப்படாததாக, தோலுக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கட்டும். இந்த மலைகளில் இத்தனை தலைமுறையாகத் தேய்ந்த தோலுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதுவரை இடம் கிடைத்ததில்லை. நம் கையால் நாமே எழுதும் கணக்கிலாவது அது முதன்முதலாக இடம்பெறட்டும்.